கச்சான் காற்றுக்கு முன்: வன்னித் தென்னைக்கு எந்த நீர்ப்பாசனம்?

ஆடி, ஆவணியில் எங்கள் பக்கத்துத் தென்னந்தோட்டம் எதற்குள் நடந்தாலும் காலடியில் குரும்பை மிதிபடும். கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று) விசிறி அடிக்கும் நாட்களில் இன்னும் கூட விழும். பலர் “காற்றுக்கு விழுந்தது” என்று சொல்லிக் கூட்டிக் குவித்துவிடுவார்கள். நான் சில வருடங்களாக அவற்றை எண்ணி வருகிறேன். போன கோடையில் ஒரே மரத்தின் கீழ் ஒரு கிழமையில் 23 குரும்பைகள் கிடந்தன. பாளை வெடித்ததிலிருந்து காய் முற்ற ஏறக்குறைய 12 மாதம் எடுக்கும். ஆகவே ஆவணியில் விழுந்த அந்த 23 உம் அடுத்த வைகாசி, ஆனிப் பிடுங்கலில் நான் எண்ணியிருக்க வேண்டிய தேங்காய்கள்.

தென்னையில் வரட்சி இப்படித்தான் ஏமாற்றும். நெல் கருகினால் அந்தப் போகத்திலேயே தெரிந்துவிடும். தென்னையோ கோடை முழுவதும் பச்சையாகவே நிற்கும். மாரி வந்து, தோட்டம் செழித்து, நாம் கோடையை மறந்துவிட்ட பிறகுதான் காய் குறையும். பாளை வெடித்த முதல் மூன்று நான்கு மாதங்களில் தண்ணீர் இல்லாவிட்டால் பிஞ்சு நிற்காது. அதற்கும் முன்னால், வட்டுக்குள், அதாவது மரத்தின் உச்சிக்குள், பாளை கருக்கொள்வது அது வெடிப்பதற்கு ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு முன்பு. கடும் வரட்சி ஒன்று வந்தால் அதன் அடி இரண்டு, மூன்று வருடம் தொடர்வது இதனால்தான். 2016, 2017 வரட்சியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இப்போது இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. வடக்கில் தென்னையைப் பெருக்கும் திட்டத்தை ‘வடக்குத் தென்னை முக்கோணம்’ என்று அரசாங்கமே பேசத் தொடங்கிவிட்டது. தேங்காய் விலை 200 ரூபாயைத் தாண்டியதைப் பார்த்து, சும்மா கிடந்த காணிகளிலெல்லாம் தென்னம்பிள்ளை வைக்கிறார்கள். நல்ல விடயம். ஆனால் என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “அண்ணை, சொட்டு நீர் பூட்டுறதோ, இல்லை ஓஸ் பிடிச்சு இறைச்சாக் காணுமோ?” என்னைக் கேட்டால், எந்தச் சாமான் வாங்குவது என்று யோசிக்க முன்னர் ஆவணி மாதத்துக் கிணற்றைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கிணறு

தை மாதத்தில் கிணறு நிறைந்து நிற்கும். அந்த நிறைவைப் பார்த்து ஐந்து ஏக்கருக்கும் குழாய் போட்டுவிட்டு, ஆவணியில் மோட்டர் காற்றை இழுத்ததைப் பார்த்து நின்றவர்களை எனக்குத் தெரியும். அளக்க வேண்டியது கோடையின் அடிமட்டத்தில். மாலையில் கிணற்றை இறைத்து வற்றவிடுங்கள். விடிய எத்தனை அடி ஊறியிருக்கிறது என்று ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பாருங்கள். 12 அடி விட்டமுள்ள கிணற்றில் ஓர் அடி தண்ணீர் ஏறக்குறைய 3,200 லீற்றர். நாலு அடி ஊறினால் 12,800 லீற்றர். உங்கள் தோட்டத்துக்கு ஒரு நாளைக்கு உள்ள இருப்பு அவ்வளவுதான்.

சரி, தென்னைக்கு எவ்வளவு வேண்டும்? ஆடி, ஆவணியில் இங்குள்ள வெயிலும் காற்றும் சேர்ந்து ஒரு நாளில் 5, 6 மில்லிமீற்றர் நீரை எடுத்துவிடும். 1 மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 1 லீற்றர். மரத்தைச் சுற்றி 6 அடிக்கு ஒரு வட்டம் போட்டால் பரப்பு ஏறக்குறைய 10½ சதுர மீற்றர். உணவெடுக்கும் வேர்களில் பெரும்பகுதி அந்த வட்டத்துக்குள்தான். ஆக, காய்க்கிற மரம் ஒன்றுக்கு நாளுக்கு 60 லீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். 26 அடிக்கு 26 அடி நட்டால் ஏக்கருக்கு 64 மரம். ஐந்து ஏக்கரில் 320 மரம். எல்லாவற்றுக்கும் 60 லீற்றர் கொடுக்க நாளுக்கு 19,200 லீற்றர் வேண்டும். கிணறு தருவது 12,800.

இந்த இடைவெளியை எந்தக் குழாயும் நிரப்பாது. தண்ணீர் எந்த மரத்துக்கு என்று முதலில் தீர்மானித்தால்தான் எந்த வழி என்ற கேள்விக்கே பதில் வரும்.

ஓஸ் பிடித்து இறைப்பது

நம்மில் பெரும்பாலானோர் செய்வது இதுதான். தண்ணீர் இறைக்கும் இரண்டு அங்குல மெசின், நீளமான ஓஸ், மரத்தடியில் ஒரு பாத்தி. முதலீடு குறைவு, யாரும் எதையும் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. முள்ளம்பன்றியானாலும் பன்றியானாலும் கடித்துப் போட நிலத்தில் ஒன்றும் கிடக்காது. ஒரு மரத்துக்கு 250 லீற்றர் வீதம் கொடுத்தால் மேலே சொன்ன கிணற்றில் ஒரு நாளைக்கு 51 மரம் முடியும்; 320 மரத்தையும் சுற்றிவர ஆறேழு நாள். கணக்குப்படி அதுவும் ஒரு மரத்துக்கு நாளுக்கு 40 லீற்றர்தான். அப்படியானால் சொட்டு நீருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள்.

வித்தியாசம் பாத்தியில் இருக்கிறது. மரத்தை ஒட்டி 3 அடிக்கு ஒரு சிறு பாத்தி கட்டி 250 லீற்றரை ஊற்றினால், அந்தச் சின்னப் பரப்பில் 95 மில்லிமீற்றர் மழை பெய்ததற்குச் சமம். அலம்பில், செம்மலைப் பக்கத்து மணலில் அது ஒரு மீற்றருக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே அதைக் குடிக்க வேர் குறைவு. அதே 250 லீற்றரை 6 அடிப் பாத்தியில் பரப்பினால் 24 மில்லிமீற்றர். வேர் இருக்கிற மேல்மண்ணிலேயே நிற்கும். ஆகவே ஓஸிலேயே தொடரப்போகிறவர்களுக்கு ஒரு செலவில்லாத வேலை: பாத்தியை வெளியே தள்ளிக் கட்டுங்கள். அடிமரத்தை ஒட்டி மண்ணை வெட்டாதீர்கள். அடியில் சற்று உயர்ந்து, வெளியே போகப் போகத் தாழ்ந்து, ஓரத்தில் வரம்பு. என் அப்பா காலத்துப் பாத்திகளெல்லாம் அகலமாகத்தான் இருந்தன. நாங்கள்தான் அவசரத்தில் சுருக்கிவிட்டோம்.

இதன் உண்மையான செலவு ஆளும் எரிபொருளும். காலை மாலை ஓஸ் இழுக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் இப்போது கிடைப்பதில்லை. 2022 கோடையில் எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்றது இன்னும் மறக்கவில்லை. மெசின் இருந்தது, கிணற்றில் தண்ணீர் இருந்தது, இறைக்க முடியவில்லை. அந்த வருடத்துக் குரும்பை உதிர்வின் பலனை 2023 இல் கண்டேன்.

சொட்டு நீர்

நான் முதலில் ஓர் ஏக்கருக்கு மட்டும் பூட்டினேன். மலிவாகக் கிடைத்தது என்று ஒரு கடையில் வாங்கிய குழாய் இரண்டு கோடை வெயிலிலேயே வெடித்துவிட்டது. திரும்பக் கழற்றி நல்ல தரத்தில் போட்டேன். அந்த இரட்டைச் செலவு உங்களுக்கு வேண்டாம்: குழாயின் சுவர்த்தடிப்பைக் கேளுங்கள், வெயில் தாங்கும் கறுப்புக் குழாய்தானா என்று கேளுங்கள், முடிந்தால் மூன்று வருடம் பாவித்த ஒருவரின் தோட்டத்தில் போய்ப் பாருங்கள்.

அமைப்பு எளிமையானது. ஒரு மரத்துக்கு, மணிக்கு 8 லீற்றர் விடும் நாலு ட்ரிப்பர் (சொட்டு விடும் முனை). இரண்டு மணித்தியாலத்தில் 64 லீற்றர். ஓர் ஏக்கர் ஒரு பிரிவு என்று வைத்தால் மணிக்கு ஏறக்குறைய 2,000 லீற்றர் போதும். ஒரு குதிரைவலு மோட்டர் தாராளமாகச் செய்யும். கிணற்றை ஒரேயடியாக உறிஞ்சாமல் மெல்ல மெல்ல எடுப்பதால் ஊற்று ஈடுகொடுக்கிறது. கடற்கரையை அண்டிய காணிகளில் இது பெரிய விடயம். அங்கே வேகமாக இறைத்தால் அடியிலிருக்கும் உவர்நீர் மேலே ஏறிவிடும்.

பலர் விடும் பிழை, ட்ரிப்பரை அடிமரத்தோடு ஒட்டிவைப்பது. நான் 3, 4 அடி தள்ளி நாலு திசையிலும் வைத்திருக்கிறேன். மண்ணையும் பார்க்க வேண்டும். முழங்காவில் பக்கத்துச் செம்மண்ணில் ஒரு சொட்டு விழுந்த இடத்திலிருந்து ஈரம் பக்கவாட்டில் பரவும். மணலில் நேரே கீழே இறங்கும். நனைந்த மண் ஒரு கம்பம் போலத்தான் இருக்கும். மணற்காணிக்கு நாலு காணாது, சிறிய ட்ரிப்பராகக் குறைந்தது ஆறு வேண்டும். இரண்டு மணித்தியாலத்தையும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரித்துக் கொடுக்க வேண்டும்.

இனிக் குறைகள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. சில குழாய்க்கிணறுகளில் காவி. இரண்டும் ட்ரிப்பரை அடைக்கும். வடிகட்டி இல்லாமல் சொட்டு நீர் போடுவது காசை மண்ணில் புதைப்பது. வடிகட்டியைக் கிழமைக்கொரு தடவை கழுவ வேண்டும், குழாய்களின் கடைசி மூடியைத் திறந்து ஊத்தையை ஓடவிட வேண்டும். அடைபட்ட ட்ரிப்பர் சத்தம் போடாது. மரம் வாடிய பிறகுதான் தெரியும், தென்னை வாடினது தெரிய வரும்போது குரும்பை போய்விட்டிருக்கும். ஆகவே நடந்து பார்க்கிற ஆள் இல்லாத தோட்டத்துக்கு, காணியை வைத்துவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு, நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

பிறகு மிருகங்கள். கோடையில் தண்ணீர் மணம் பிடித்துப் பன்றியும் முள்ளம்பன்றியும் குழாயைக் கடிக்கும். பிரதான குழாயை ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்துவிட்டேன். பக்கக் குழாய்களை ஓலைக்குக் கீழே மறைத்திருக்கிறேன். வேலிக்கு வெளியே யானை வருகிற எல்லைக் காணிகளில் முதல் காசு வேலிக்குத்தான் போக வேண்டும். ஒரே இரவில் குருத்தைப் பிடுங்கிப் போட்ட பிள்ளைக்கு எந்த நீர்ப்பாசனத்தாலும் பயனில்லை.

தூவலும் சிறு தூவியும்

பெரிய தூவல் நீர்ப்பாசனத்தைத் தனித் தென்னைக்கு வேண்டாம் என்பேன். கச்சான் வீசும் மாதங்களில் நிறைய நீர் காற்றோடு போகும், வரிசைக்கு நடுவில் புல்லும் வளரும். கச்சானோ (இது கடலை, காற்று அல்ல) வாழையோ ஊடுபயிராக இருந்தால் கணக்கு வேறு. ஆனால் மைக்ரோ ஜெட் எனப்படும் சிறு தூவி, அதாவது மரத்தடியில் குடை போலத் தெளிக்கும் சிறியது, மணற்காணிக்கு நல்லது. ட்ரிப்பர் செய்யாத வேலையை, நீரை அகலத்துக்குப் பரப்புவதை, அது செய்கிறது. துவாரம் பெரிது, அடைப்பும் குறைவு. நிலத்தோடு ஒட்டித் தெளிப்பதால் காற்று அதிகம் பறிக்காது. கடற்கரைப் பக்கத்து நண்பர் ஒருவர் ட்ரிப்பரைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டினார், அவர் செய்தது சரி.

பொச்சும் ஓலையும்

இதை நீர்ப்பாசனம் என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் எனக்கு ஒரு வழிக்கு மட்டும்தான் காசு இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் நான் சொல்வது இதைத்தான்.

இரண்டு வரிசைக்கு நடுவே, மரத்திலிருந்து 10 அடி தள்ளி, ஒன்றரை அடி அகலமும் ஆழமுமாகக் கான் வெட்டி, பொச்சுமட்டையை, அதாவது தேங்காய் உரித்த நார்மட்டையை, குழிப்பக்கம் மேலே பார்க்க அடுக்கடுக்காகப் போட்டு, மண்ணால் மூட வேண்டும். பொச்சு தன் நிறையைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். மாரி மழை அதற்குள் ஊறி நிற்கும்; வேர் தேடிப் போய்க் குடிக்கும். ஒருதடவை போட்டால் ஐந்து முதல் ஏழு வருடம் பலன் இருக்கும், பொச்சில் உள்ள பொட்டாசியமும் மண்ணுக்கே திரும்பும். வன்னியில் வருடத்துக்குரிய மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்த்துக் கடலுக்கு ஓடிவிடுகிறது. அதைத் தோட்டத்துக்குள் மறித்துவைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

வருத்தம் என்னவென்றால் தேங்காயை மட்டையோடு விற்றுவிடுகிறோம். பொச்சு லொறியேறித் தும்பாலைக்குப் போகிறது, பிறகு நாமே தும்புத்தூளைப் பையில் காசு கொடுத்து வாங்குகிறோம். குறைந்தது மூன்றில் ஒரு பங்கையாவது உரித்து விற்றுப் பொச்சை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தடி வட்டத்தில் காவோலையையும் மட்டையையும் வெட்டிப் பரப்புவது இதன் கூட்டாளி. அரை அடித் தடிப்புக்கு மூடினால் வெயில் மண்ணைத் தொடாது; 40 லீற்றர் 60 லீற்றரின் வேலையைச் செய்ய அது உதவும். புதுப் பிள்ளைக்குக் கறையான் வரும், ஆகவே தண்டிலிருந்து ஓர் அடி விட்டுப் பரப்புங்கள். பழைய ஆட்கள் தென்னைக்கு உப்புப் போடுவதும் மூடநம்பிக்கை அல்ல. குளோரைட்டும் பொட்டாசியமும் இருந்தால் தென்னை தன் ஓலையின் துவாரங்களை நேரத்துக்கு மூடி நீரைக் காத்துக்கொள்ளும். பொட்டாஷ் உரம் இரண்டையும் தருவதால் அதைப் போடுவதுதான் ஒழுங்கான வழி.

குட்டை வெட்டுவது பற்றிச் சுருக்கமாக. களிமண் காணியில் நல்லது, மணலில் நிற்காது. வைகாசி முதல் புரட்டாசி வரை ஆவியாக மட்டும் மூன்று அடி போய்விடும் என்பதைக் கணக்கில் எடுத்து ஆழமாக வெட்டுங்கள். குளத்து வாய்க்காலை நம்பாதீர்கள். முத்தையன்கட்டோ வவுனிக்குளமோ, கோடையில் அந்தத் தண்ணீர் சிறுபோக நெல்லுக்கு. ஆவணியில் தண்ணீர்ப் பவுசர் பிடித்து ஊற்றுவது பிள்ளைகளைக் காப்பாற்ற மட்டும் சரி.

யாருக்கு எது

2009 க்குப் பிறகு திரும்பி வந்தபோது புதுக்குடியிருப்பிலும் முள்ளிவாய்க்காலிலும் செல்லடியில் தலையிழந்த தென்னைகள் கம்பம் கம்பமாக நின்றன. மீள்குடியேறிய சனம் நிவாரண அரிசியில் சீவித்துக்கொண்டே பிள்ளை வைத்தது. அந்த மரங்களுக்கு இப்போது 12 முதல் 15 வயது. முழுக் காய்ப்பு தொடங்கும் வயது. என் தோட்டத்தில் தண்ணீருக்கு முதல் உரிமை அவற்றுக்குத்தான்.

அதாவது இப்படிப் பிரித்தேன். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தண்ணீர் கட்டாயம், இல்லாவிட்டால் செத்துவிடும். ஆனால் அவற்றுக்குச் சொற்பம் போதும். வேருக்குப் பக்கத்தில் இரண்டு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, மூடி போட்டு, நாலைந்து நாளுக்கொரு தடவை நிரப்புகிறேன். சூளையில் சுட்ட, மினுக்குப் பூசாத பானையாக இருக்க வேண்டும், அப்போதுதான் கசியும். காய்ப்பு வேகத்தில் நிற்கும் 190 மரத்துக்குச் சொட்டு நீர், ஆளுக்கு 60 லீற்றர், மொத்தம் 11,400. மிச்சம் பிள்ளைகளுக்கு. அறுபது வயது தாண்டிய பழைய மரங்களுக்குக் கோடைத் தண்ணீர் இல்லை. பொச்சும் ஓலையும் மட்டும். அவை ஆழமாக வேர்விட்டு எத்தனையோ கோடையைக் கண்டவை, சாகாது. எல்லா மரத்துக்கும் 40 லீற்றராகப் பங்கிட்டால் நியாயமாகத் தெரியும், ஆனால் எந்த மரமும் குரும்பையைப் பிடித்துவைக்கிற அளவு குடிக்காது.

உங்கள் கிணறு ஆவணியில் இரண்டு அடிதான் ஊறுகிறதா? சொட்டு நீருக்கு அவசரப்படாதீர்கள். இரண்டு வருடம் பொச்சுக்கான், ஓலை, அகலப் பாத்தி. பிறகு காய்ப்பில் சிறந்த ஓர் ஏக்கருக்கு மட்டும் குழாய். நாலு அடிக்கு மேல் ஊறுகிறது, தோட்டத்தில் ஆளும் இருக்கிறது என்றால் சொட்டு நீர்; மணலென்றால் சிறு தூவி. மின்கம்பி வராத காணிக்குச் சூரிய சக்தி மோட்டர் இதோடு நன்றாகப் பொருந்தும். வெயில் எவ்வளவு கொளுத்துகிறதோ அவ்வளவுக்கு அது இறைக்கும், மரமும் அப்போதுதான் கேட்கும். ஆனால் நல்ல வெயில் நாளுக்கு ஐந்தாறு மணித்தியாலம்தான், ஆகவே இரண்டு பிரிவை ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய மோட்டராகப் பாருங்கள்.

செலவை ரூபாயில் எண்ணாமல் தேங்காயில் எண்ணிப் பாருங்கள், விலை மாறினாலும் கணக்கு நிற்கும். என் தோட்டத்தில் தண்ணீர் கொடுத்த வரிசைக்கும் கொடுக்காத வரிசைக்கும் இரண்டாம் வருடத்தில் மரத்துக்கு 25 காய் வித்தியாசம் வந்தது. ஏக்கருக்கு 1,600 காய். கடைக்காரர் தருகிற விலைப்பட்டியலைத் தோட்டத்து வாசல் விலையால் வகுத்து, எத்தனை ஆயிரம் காய் என்று பாருங்கள். மூன்று வருடக் காயில் அடையாத செலவென்றால் பரப்பைக் குறையுங்கள். முதல் வருடத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்று மனம் உடைந்து நிறுத்தவும் வேண்டாம்; காய் 12 மாதம் பிந்தித்தான் பதில் சொல்லும். வாங்க முன்னர் தெங்கு பயிர்ச்செய்கைச் சபை உத்தியோகத்தரிடம் அந்த வருடத்து மானியம் என்ன என்று கேட்டுவிடுங்கள், பூட்டிய பிறகு கேட்டால் கிடைக்காமல் போகலாம்.

தண்ணீரை எப்போது தொடங்குவது என்பதிலும் பிந்துகிறோம். ஓலை தொங்கிய பிறகு ஆடியில் மெசினை எடுப்பதுதான் வழக்கம். சித்திரை மழை விட்டு மூன்று கிழமை ஆனதும், வைகாசியிலேயே தொடங்க வேண்டும். பொச்சுக்கானுக்கோ எதிர்ப்பக்கத்துக் காலம்: புரட்டாசிக்குள் வெட்டி மூடினால்தான் ஐப்பசி மழை உள்ளே இறங்கும். எனக்கு இன்னும் ஏழு வரிசை மிச்சம் இருக்கிறது. மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்துக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், அடுத்த கிழமை வரும்.